உருளைக்கிழங்குக்குச் செவ்வாய் தோஷம்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகிற பஸ்ஸுக்கு இப்போது புதிதாக ஒரு தரிப்பிடம் முளைத்திருக்கிறது. அதற்குப் பலகை கிடையாது, கூரை கிடையாது. கொண்டக்டர் வாசற்படியில் தொங்கிக்கொண்டு சிங்களமும் தமிழுமாகக் கத்துவார்: "தோஷம் பஹின்ன! தோஷம் எறங்குறவங்க எல்லாம் முன்னுக்கு வாங்க!"

உடனே பாதி பஸ் எழும்பும். கல்யாணம் நிச்சயமான பெண்கள், அவர்களைப் பெற்றவர்கள், மாமியாராகப் போகிறவர்கள், இன்னும் மாப்பிள்ளையே அமையாமல் முன்னெச்சரிக்கையாக வந்தவர்கள் என்று ஒரு பெரும் படையே இறங்கும். எதிரே ஹாட்வெயார் கடை. கடைக்கு மேலே மாடி. மாடியில் பலகை: "மேனிச்சித்தர் அருள்முத்தானந்தா ஆயுர்வேத மணமகள் நிலையம். மூன்றே பூச்சில் முழுநிலவு!"

முழுநிலவின் முகத்தில்தான் மேடும் பள்ளமும் அதிகம் என்று யாரும் சித்தருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் எங்கே வைத்தியம் படித்தார் என்று கேட்டால், கேரளம் என்பார்கள் சிலர். இமயமலை என்பார்கள் சிலர். அவரையே கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். யாராவது கண்ணை மூடிக்கொண்டால் அதையே பெரிய பதிலாக எடுத்துக்கொள்ள நம் சனத்துக்குச் சொல்லியா தர வேண்டும்?

அவர் பூசுகிற பூச்சில் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மஞ்சள், சந்தனம், கடலைமா, கொஞ்சம் வேப்பிலை. கல்யாணப் பெண் நாலு நாள் நன்றாகத் தூங்கி எழும்பி இதையும் பூசிக்கொண்டால் முகம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் பளிச்சென்ற முகத்தை ஒருத்திக்கு ஒரு தடவைதான் விற்கலாம். பயத்தை விற்றால் வாங்கினவள் திரும்பத் திரும்ப வருவாள். சித்தருக்கு வைத்தியம் தெரியாவிட்டாலும் வியாபாரம் நன்றாகத் தெரியும்.

வினோதா அந்த மாடிப்படி ஏறியது தன் விருப்பத்தில் அல்ல. அவள் நுவரெலியாவில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் பில் போடுகிறவள். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிற பிரதாப்பை விரும்பி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, மண்டபமும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவனுடைய அம்மா நாகலெட்சுமியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பெண்ணின் தோலுக்குள் ஒளிந்திருக்கும் தோஷம் புருஷன் உயிரைக் குடிக்குமாம். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே மேனிச்சித்தர் ஒருவர்தானாம்.

"ஒரு தடவ காட்டிருவோம் புள்ள," என்றாள் நாகலெட்சுமி. "நாளைக்கு நாலு பேரு பேச எடம் வச்சிறக் கூடாது."

மாடியில் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு நாற்காலி. அதன் பக்கத்தில் ஒரு செம்புக்குடம், ஒரு மண்குடம். பூச்சு காய்ந்ததும் சித்தர் ஏதோ ஒரு குடத்திலிருந்து தீர்த்தம் எடுத்து முகத்தில் ஊற்றுவார். மஞ்சளாக வழிந்தால் சுத்தம். சிவப்பாக வழிந்தால் தோஷம்.

வினோதாவுக்கு முன்னால் காரில் வந்த ஒரு பெண். கல்யாண நாள் வரைக்குமான முழுப் பேக்கேஜையும் அவளுடைய அப்பா வந்த உடனேயே எடுத்துவிட்டார். சித்தர் செம்புக்குடத்தைத் தூக்கினார். மஞ்சள்! கூட்டம் குலவை போட்டது.

அடுத்தது வினோதா. அவளுடைய அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாமி, பேக்கேஜ் எல்லாம் நமக்குத் தாங்காதுங்க. சும்மா ஒரு பூச்சு மட்டும் போதுங்களா?"

சித்தர் கருணையோடு சிரித்தார். கை மண்குடத்துக்குப் போனது.

நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் செக்கச்செவேலென்று வழிந்தது.

"ஆத்தாடி, ரத்தம்!" என்று யாரோ அலறினார்கள்.

"ரத்தமில்ல தாயீ, செவ்வாய்," என்றார் சித்தர். "மத்தவங்களுக்கு ஜாதகக் கட்டத்துல இருப்பான். இந்தப் புள்ளைக்குத் தோலுக்குள்ளயே குந்திக்கிட்டிருக்கான். இப்பிடியே தாலி ஏறுனா மாப்பிள்ள வருசம் தாண்ட மாட்டாரு. மூணு பூச்சு போட்டுப் பாப்போம். மூணாவதுலயும் செவந்தா கல்யாணப் பேச்ச விட்டுருங்க."

நாகலெட்சுமி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வினோதாவுக்கும் பயம்தான், அதை மறைப்பானேன்? கண்ணாடியில் தன் முகத்திலிருந்து சிவப்பு சொட்டுவதைப் பார்த்தபோது அவளுக்கு அவளையே பிடிக்காமல் போனது. கேள்வி கேட்கிற தைரியம் அந்த நேரத்தில் யாருக்கு வரும்?

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பூச்சு. அதுவும் சிவந்தது. கன்னம் இரண்டும் எரிந்து தோல் உரியத் தொடங்கியது. "தோஷம் கழறுது," என்றார் சித்தர். கழன்றது தோல்தான். வீட்டிலும் பூசச் சொல்லி ஒரு டப்பா பூச்சை அவர்கள் தலையில் கட்டி அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது நாகலெட்சுமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மூணாவதும் செவந்துச்சுன்னா என்னைய மன்னிச்சிரு புள்ள. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தந்தான்." வினோதாவால் அவளைக் கோபிக்கக்கூட முடியவில்லை.

அன்று மாலை பிரதாப்புக்குப் போன் எடுத்தாள். அவனாவது இதைச் சிரித்துத் தள்ளுவான் என்று நினைத்தாள்.

"வினோதா, நான் நம்பலத்தான்," என்றான் அவன். "ஆனா நேத்துலருந்து எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது."

"நேத்து ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"கொத்து ரொட்டி."

"எத்தன?"

"ரெண்டு. ஏன்?"

"ஒன்னுமில்ல."

"அம்மா சொல்றதயும் கொஞ்சம் கேப்போம். வேணும்னா நாள தள்ளிப்போடுவோம்."

அவள் போனை வைத்துவிட்டாள். தோல் எரிந்ததைவிட இந்தப் பேச்சுத்தான் அதிகமாக எரிந்தது.

வெள்ளிக்கிழமை பின்நேரம், லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவாகத் தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி துவைக்கப் போனாள். சித்தர் நிலையத்துக்குக் கொண்டுபோன வெள்ளைத் துவாயின் ஒரு மூலையில் பூச்சு அப்பி மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அந்த இடத்தில் சவுக்காரத்தைப் போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மஞ்சள் கறை செக்கச்செவேலென்று சிவந்தது. அவள் துவாயைத் தூக்கி எறிந்தாள்.

துவாய்க்கும் செவ்வாய் தோஷமா? இதை யார் கல்யாணம் கட்டப் போகிறார்கள்?

பயத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் மூளையும் வந்தது. வீட்டுக்கு ஓடி டப்பாவைக் கொண்டுவந்து, துவைக்கிற கல்லில் கொஞ்சம் பூசிச் சவுக்காரம் தேய்த்தாள். கல்லுக்கும் தோஷம். வெறும் தண்ணீரை ஊற்றினாள். தோஷம் இல்லை. ஆக, பூச்சு சிவப்பது முகத்தைப் பார்த்தல்ல, அதன்மேல் எதை ஊற்றுகிறார்கள் என்பதைப் பார்த்து. அப்படியானால் அந்த மண்குடத்துக்குள் என்ன இருக்கிறது? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை கைப்பைக்குள் ஒரு பெரிய உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டு மூன்றாவது பூச்சுக்குப் போனாள். கிழங்கு முழுக்க டப்பாப் பூச்சைத் தடவிக் காயவைத்திருந்தாள். நாற்காலியில் தான் உட்காராமல் கிழங்கை உட்கார வைத்தாள்.

"சாமி, எனக்கு முன்னுக்கு இதப் பாத்திருங்க. எங்க சொந்தந்தான். இதுக்கும் கல்யாணம் பேசியிருக்கு."

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. சித்தரின் முகத்தில் நிலவு மறைந்தது.

"வெளையாட்டா? தெய்வக் குத்தமாகிரும்!"

"குத்தம் என்னையச் சேரட்டும்," என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் மண்குடத்தைச் சரித்து ஊற்றினாள் வினோதா. கிழங்கு சிவந்து வழிந்தது. தீர்ந்தது சித்தர் கதை என்று அவள் நினைத்தாள்.

சித்தரை அவள் குறைத்து மதிப்பிட்டுவிட்டாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "பாத்தீங்களா மக்களே! கிழங்குலயே தோஷம்! கிழங்கு வெளயிற மண்ணுலயே தோஷம்!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

"அதாங்க போன போகம் எங்க கிழங்கு பூரா அழுகிப்போச்சு!" என்றார் ஒரு தோட்டக்காரர். கிழங்குக்குப் பரிகாரம் உண்டா என்று பின்னால் ஒருவர் கேட்டார். சித்தர் அதற்கும் ஒரு பேக்கேஜ் யோசிக்கத் தொடங்கியிருப்பார். நாகலெட்சுமி தலையில் கைவைத்தாள். "மண்ணே சரியில்லையாம். இந்தப் புள்ள என்ன செய்யும்!"

வினோதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணம் கைநழுவிப் போவதை அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், தன் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் மண்குடத்தின் வாய் அவள் கண்ணில் பட்டது. விளிம்பைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. செம்புக்குடத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அவள் கிழங்கைத் திருப்பி வைத்தாள். நனையாத பக்கத்தில் செம்புக்குடத்திலிருந்து ஊற்றினாள். மஞ்சளாகவே வழிந்தது. கிழங்கைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"ஒரே கிழங்குங்க. இந்தப் பக்கம் தோஷம், இந்தப் பக்கம் சுத்தம். எப்பிடி?"

"செவ்வாயோட பார்வை ஒரு பக்கமாத்தான் விழும்," என்றார் சித்தர். ஆனால் இந்தத் தடவை அரோகரா கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது.

வினோதா நாகலெட்சுமியிடம் திரும்பினாள். தோட்டத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை பெண்ணுக்கு ஆலாத்தி கரைக்க நாகலெட்சுமியைத்தான் கூப்பிடுவார்கள்.

"அத்தை, ஆலாத்தித் தண்ணி செவக்க என்னா போடுவீங்க?"

"இது என்னா கேள்வி? மஞ்சளக் கரைச்சு, அதுல ஒரு துளி சுண்…"

சொல் பாதியில் நின்றது. அங்கே இருந்த பெண்களில் ஆலாத்தி பார்க்காதவள் ஒருத்தியும் கிடையாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது தெரியாதவளும் ஒருத்தி கிடையாது. வீட்டுத் தாம்பாளத்தில் சிவந்தால் மங்களம், சித்தர் ஊற்றிச் சிவந்தால் செவ்வாய்!

நாகலெட்சுமி எழுந்து வந்தாள். குடத்து விளிம்பை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். குமரிப் பருவத்திலிருந்து வெற்றிலை போடுகிற நாக்கு. அதை ஏமாற்ற எந்தச் சித்தராலும் முடியாது.

"சுண்ணாம்பு," என்றாள். பிறகு சத்தமாக, "அடப்பாவி, பச்சச் சுண்ணாம்பு! இதையாடா கல்யாணப் புள்ள மொகத்துல ஊத்துன?"

"தாயே, இது கைலாய…"

"கைய நீட்டு!"

அவர் நீட்டவில்லை. அவளே மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஒரு பிடி பூச்சை அப்பி, மண்குடத்தைக் கவிழ்த்தாள். சித்தரின் கை முழங்கை வரைக்கும் சிவந்தது.

"செவ்வாய் ஒன் தோலுக்குள்ளயும் குந்திக்கிட்டிருக்கானே சாமி! ஒனக்கு எப்ப கல்யாணம்?"

அதற்குப் பிறகு அங்கே வைத்தியம் எதுவும் நடக்கவில்லை. காரில் வந்த பெண்ணோடு அன்றும் வந்திருந்த அவளுடைய அப்பா, பேக்கேஜுக்குக் கட்டின காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார். சித்தர் பின்படியால் இறங்கி, ஹாட்வெயார் கடைக்குள் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டார். கடைக்காரர் அவரை வெளியே தள்ளிவிட்டார். கண்ணை மூடினால் பதில் வருகிறவருக்கு அன்று கண்ணை மூட நேரமே கிடைக்கவில்லை.

நாகலெட்சுமி மகனுக்குப் போன் எடுத்துக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, போனை வினோதாவிடம் நீட்டினாள்.

"வினோதா, தோஷம் இல்லையாமே!" பிரதாப்பின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நான்தான் அப்பவே சொன்னேனே, நம்பலன்னு. பாரு, நெஞ்சு கரிப்புகூட இப்ப இல்ல."

அவனை வினோதாவுக்கு இன்னும் பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் கோபமும் அவ்வளவு வந்தது.

"கல்யாணம் குறிச்ச நாள்லயே நடக்கும்," என்றாள். "ஆனா ஒன்னு. அடுத்த தடவ நெஞ்சு கரிச்சா என் மொகத்தப் பாக்காதீங்க. நீங்க சாப்பிட்ட தட்டப் பாருங்க."

கீழே இறங்கியபோது பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹட்டனில் ஒருவர் இருக்கிறாராம், தலைமுடியை முகர்ந்து பார்த்தே தோஷம் சொல்லிவிடுவாராம். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று விசாரித்தார்கள்.

நாகலெட்சுமி அவர்களை ஒரு முறை முறைத்தாள். பிறகு வினோதாவின் உரிந்த கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியது. "புத்தி கெட்டுப் போயிட்டேன் புள்ள. இனிமே எதுன்னாலும் நல்லா யோசிச்சுத்தான் செய்யணும்." சொல்லிவிட்டுப் போனில் நேரத்தைப் பார்த்தாள். "இப்ப ராகு காலம். அது போகட்டும், பொறகு யோசிப்போம்."

ராகு காலத்திலும் மூளை வேலை செய்யும். நம்பாதவர்கள் இப்போதே ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.