செந்நிலத்தில் உயிரோடு இருக்கத் தடை

எங்கள் எகிப்தில் நிலம் இரண்டே வகை. நதி ஏறி வண்டல் போடும் கருநிலம், உயிரோடிருப்பவர்கள் உழுது வரி கட்டுவதற்கு. நதி எட்டாத செந்நிலம், இறந்தவர்கள் ஓய்வெடுப்பதற்கு. தெய்வம் வகுத்த இந்த ஏற்பாட்டில் ஒரு குழப்பமும் வந்ததில்லை, பாலைக்காற்று பாசெரின் வயலை மணலால் மூடும்வரை.

நில அதிகாரி நெப்வா வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

“செந்நிலம். காலி பண்ணு.”

“காத்துல வந்த மணல் சாமி. நாலு ஆள் கொடுத்தா அள்ளிடலாம். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“செந்நிலத்துல செத்தவனுக்குத்தான் பாத்தியதை.”

பாசெர் யோசித்தான். “அப்ப என்னைச் செத்தவன்னே வச்சுக்குங்க.”

இறந்தவர் மூச்சு விடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ‘மேற்படி நபர் காலமானது நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது’ என்று நெப்வா முத்திரையிட்டார்.

“இவரு வேலை செய்யிற லட்சணத்துல எனக்கு எப்பவோ சந்தேகம்” என்றாள் பாசெரின் மனைவி ஹெனுத்.

இறந்தவர்களுக்கு வரி இல்லை. போதாததற்குக் கோயிலிலிருந்து ரொட்டியும் பீரும், விசேஷ நாளில் வாத்து வறுவலும் படையலாக வந்தன. முதல் வாத்தைக் கண்டதும் ஹெனுத்தும் காலமானாள். பிறகு நாங்களும் கூடை கூடையாக மணல் சுமந்து வந்து அவரவர் வயலில் கொட்டினோம். உயிரோடிருப்பது நாகரிகமில்லை என்றாயிற்று. பிணத்துக்குச் சுற்றும் மெல்லிய நார்த்துணியை உடம்பில் சுற்றிக்கொள்ளாமல் யாரும் சந்தைக்குப் போவதில்லை. மாப்பிள்ளை இன்னும் இறக்கவில்லை என்பதால் ஒரு கல்யாணமே நின்றது.

உழ ஆளில்லாததால் படையலும் நின்றது. நெப்வாவிடம் கேட்கப் போனோம்.

“மறுமையில செத்தவனுக்கு என்ன வேலை?” என்றார் நெப்வா.

“மணல் சுமக்கிறது. அதுக்குத்தான் கல்லறையில பொம்மை வைக்கிறோமே. கூப்பிட்டா நமக்குப் பதிலா அது ‘இதோ வந்தேன்’னு போகும்” என்றோம்.

“உங்க பொம்மை எங்க?”

யாரிடமும் இல்லை. கொட்டிய மணலை நாங்களே திருப்பிச் சுமந்தோம். பாசெரின் வயலும் கருத்தது.

“இனி என்னை உயிரோட இருக்கிறவங்க கணக்குல சேர்த்துக்குங்க சாமி. விதைக்கணும்.”

“செத்து எழுந்ததுக்கு முன்னுதாரணம் ஒசிரிஸ் ஒருத்தர்தான். அவர் தெய்வம். நீ பாசெர். கருநிலத்துல செத்தவனுக்கு இடமில்லை, காலி பண்ணு.”

ஹெனுத் சுற்றுமுற்றும் பார்த்தாள். “அப்ப இந்த ஊர்ல உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். மொத்த ஊர் வரியும் உங்க தலையிலதானே ஐயா?”

நெப்வா பாலை மணலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்:

“கூடை ஒண்ணு இருக்குமா?”