சாக்கடைக்குப் பலகை போட்ட கதை

ஈரச் சுண்ணாம்பு வாசனை பட்டால் மற்றவர்களுக்குப் பொங்கல் ஞாபகம் வரும். நானோ, எந்த வீட்டிலாவது வெள்ளையடித்துக்கொண்டிருந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அந்த வாசனைக்குள் எனக்கு ஒரு தெரு இருக்கிறது. அதை மணக்க மணக்கக் கெடுத்தவன் நான்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு ஊருக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஊர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதில்லை. மழை பொய்த்து, பரளச்சி, திருச்சுழிப் பக்கமிருந்து கரிசலை விட்டுவிட்டு வந்தவர்கள் ஒண்டிய தெரு. சின்னச் சின்னக் கடைகள். அவற்றில் பாதி சாத்திக் கிடந்தன. காரணம், நடுவில் ஓடும் சாக்கடை. (ஓடும் என்பது மரியாதைக்குச் சொன்னது. அது எங்கேயும் போனதில்லை.) சுற்றுவட்டாரமே ஒரு மழைக்காக வானத்தைப் பார்த்துக் காய்ந்துகிடக்கும்போது, எங்கள் தெரு மட்டும் பெய்துவிடக் கூடாதே சாமி என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும். நாலு தூறல் வலுத்தால் போதும், கறுத்த தண்ணீர் கடைக்குள் ஏறிவிடும்.

முதலில் நனைவது பஞ்சவர்ணம் அக்காவின் இட்லிக் கடை. புருஷன் போனபிறகு அந்தக் கடையை வைத்தே மகளைக் கட்டிக்கொடுத்தவர். "இன்னொரு ஐப்பசியத் தாங்காது தம்பி. அடுப்பு நனஞ்சா திருப்பூருக்கு மக வீட்டுக்குத்தான் போகணும். மருமகன் சோத்துல போயி கைய நனச்சுக்கிட்டு..." என்பார். மீதியை மாவோடு சேர்த்துக் கரைத்துவிடுவார்.

நான் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். தெருச் சங்கத்துக்குச் செயலாளரும் நானே. (எழுதத் தெரிந்த ஆள் வேறு சிக்கவில்லை.) சென்னையில் ஓர் அறக்கட்டளை, நகரங்களில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தெருக்களைத் தூக்கி நிறுத்த, அங்குள்ள சின்னக் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். சாக்கடைக்கு மூடி, கடைகளுக்குக் கூரை, தெருவுக்கு விளக்கு. வசன கவிதை எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? 'கறுத்த நீர் ஊர்ந்து வந்து கல்லாப்பெட்டியின் காலை நக்கும் தெரு' என்று ஆரம்பித்தேன். படித்தவர்கள் கண்கலங்கியிருக்க வேண்டும். நேரில் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது.

சனி பிடித்தது அங்கேதான்.

சங்கக் கூட்டத்தில் பலசரக்குக் கடை செல்லையா அண்ணாச்சி எழுந்தார். "லோனு குடுக்க வாரவுககிட்ட ஓட்டக் கடையக் காட்டுனா எவன்யா குடுப்பான்? பேங்குக்காரவுக வந்தப்ப எங்கப்பா காலி டின்ன முன்னால அடுக்கி வச்சுத்தான லோனு வாங்குனாக?"

"அண்ணாச்சி, இது லோனு இல்ல. மானியம். திருப்பிக் கட்ட வேண்டியதில்ல."

"கட்ட வேண்டியதில்லயா? அப்ப இன்னும் நல்லாக் காட்டணும்யா! சும்மா குடுக்கிறவனுக்கு நம்ம மேல ஒரு நம்பிக்க வர வேணாமா?"

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் நானும் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். வெளியாள் வரும்போது அலமாரியில் வெற்றிடம் தெரிந்தால் எங்களுக்கு உடம்பில் துணியில்லாத மாதிரி இருக்கும். காகிதத்தில் அழுதாயிற்று, நேரில் அழ வெட்கமாக இருந்தது. சென்னைக்காரர்கள் என் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதை நினைத்தாலே காது சுட்டது. "சரி, கொஞ்சம் சுத்தம் பண்ணி வைப்போம்" என்றேன்.

கொஞ்சம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் அளவு கிடையாது.

தெரு முழுக்கச் சுண்ணாம்பு. மல்லாங்கிணற்றில் மொத்த வியாபாரம் செய்யும் என் மச்சானிடமிருந்து ஒரு லோடு சரக்கு இரவல். சாத்திக் கிடந்த கடைகளைத் திறந்து, மூட்டைகளை அடுக்கி, கடைக்கு ஒரு சித்தப்பாவைப் பிடித்துக் கல்லாவில் உட்கார வைத்தோம். சாக்கடையை என்ன செய்வது? செத்துப்போன அந்தக் கடைகளைத் திறந்தபோது பலகைக் கதவுகளைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தோம். அந்தக் காலத்துத் தேக்கு. அவற்றைச் சாக்கடைமேல் வரிசையாகப் பரப்பினோம். அதன்மேல் கோலம். (கோலம் என் யோசனை.) கடைகளைக் கொன்றது சாக்கடை. செத்ததற்குச் சாட்சி அந்தக் கதவுகள். சாட்சியை வைத்தே கொலைகாரனை மூடிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தேன்.

வந்தது ஓர் இளம்பெண். என் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரு மாறி வந்துவிட்டவர்போலச் சுற்றிப் பார்த்தார்.

"சார், நீங்க எழுதியிருந்த அந்தச் சாக்கடை எங்க?"

"அது மேலதான் மேடம் நிக்கிறீங்க!" என்றேன். குரலில் என்ன பெருமை!

அவர் குனிந்து பார்த்து, ஐயோ, கோலத்தை மிதித்துவிட்டோமே என்று நாசூக்காக விலகிக்கொண்டார். அன்று அந்தப் பலகை ஒடிந்து, அவர் ஒரு காலையாவது உள்ளே விட்டிருந்தால் எங்கள் தெரு பிழைத்திருக்கும். அசையவில்லை. தேக்கு.

பிறகு இட்லிக் கடைக்குப் போனோம். பஞ்சவர்ணம் அக்கா தீபாவளிச் சேலையில் இருந்தார்.

"உங்களுக்கு என்ன கஷ்டம்னு மனசு விட்டுச் சொல்லுங்கக்கா" என்று அந்தப் பெண் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பதிலுக்காகப் பேனாவை மூடிவைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வீடு தேடி வந்த புள்ளகிட்ட கஷ்டத்தப் பாடுவாகளா? ஒரு கொறையும் இல்லத்தா. நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு. என்ன இப்பிடி எளச்சுக் கெடக்க?"

சாப்பிட்டார். புறப்படும்போது அண்ணாச்சி சேவுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். கல்யாண வீட்டிலிருந்து அனுப்புவதுபோலத் தெருவே கூடி வழியனுப்பியது.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "சார், நாங்க எதிர்பார்த்ததைவிட உங்க தெரு ரொம்ப நல்லா இருக்கு. உண்மையிலேயே தேவை இருக்கிற இடத்துக்குத்தானே நாங்க குடுக்க முடியும்?"

"ஆமா மேடம். ரொம்ப நன்றி மேடம்" என்றேன். (ஆமாம், நன்றி சொன்னேன். பாராட்டினால் நன்றி சொல்லி வளர்ந்த உடம்பு.) போனை வைத்தபிறகுதான் உறைத்தது. பதறிப்போய்த் திரும்ப அழைத்து, மூட்டை இரவல், சித்தப்பாக்கள் இரவல், பலகைக்கு அடியில் சாக்கடை பத்திரமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அதற்குள் வேறொரு ஊரின் தெருவுக்கு முடிவாகிவிட்டிருந்தது.

"அன்னைக்குக் கேட்டேனே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வருஷா வருஷம் ஏமாற்றுகிற ஐப்பசி அந்த வருஷம் ஏமாற்றவில்லை. கரிசல்காட்டில் சனம் மழையைக் கையெடுத்துக் கும்பிட்டது. எங்கள் தெருவில் என் கோலப் பலகைகள் மிதந்து போய், பஞ்சவர்ணம் அக்காவின் அடுப்பில் முட்டி நின்றன.

இன்றும் எங்கள் வீட்டில் எதை மறைத்தாலும் அதற்குப் பெயர் 'பலகை போடுவது'. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று என் மனைவி கிழிந்த மெத்தைமேல் புது விரிப்பைப் போட்டால், "அம்மா, பலகை போட்டாச்சா?" என்பாள் மகள். எனக்கு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "டாக்டர்கிட்டயாவது பலகை போடாமச் சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி. நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிடும்.

அடுப்பு நனைந்து அக்கா திருப்பூருக்குக் கிளம்பிய அன்று, அவருடைய இட்லிக் கொப்பரையை நான்தான் தூக்கிக்கொண்டு போய் மதுரை பஸ்ஸில் ஏற்றினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். என்னென்னவோ சொல்ல நினைத்து, "மதுரையில பாத்து மாறுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். டிரைவர் வண்டியை உறுமவிட்டார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அன்னைக்கு அந்தப் புள்ள கேட்டுச்சே, என்ன கஷ்டம்னு? அது போன் நம்பர் இருந்தாக் குடுங்க. திருப்பூர் போய்ச் சேருற வரைக்கும் சொல்லிக்கிட்டே போறேன்."