ஓட்டையரும் அழாத பொம்மையும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். பிழைகளை அச்சுக் கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும். நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்கக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரையில் ஓட்டையர் அடைக்காத ஓட்டை ஒன்றே ஒன்றுதான்: அவருடைய வாய்.

அவருக்குத் தொழில் கலப்பத்து. வள்ளத்துப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசுவார். அவர் கைபட்ட வள்ளத்துக்குள் கடல் ஒரு சொட்டுக்கூட எட்டிப் பார்த்ததில்லை. வில்லங்கம் என்னவென்றால், கரைக்கு வந்த பிறகும் அவருடைய கண் ஓட்டையைத்தான் தேடும். வீட்டுக் கதவில் திறப்புப் போடுகிற பூட்டுத் துவாரத்தால் காற்று வருகிறதென்று அதை அடைத்தார். பூட்டிய கதவு பூட்டியபடி கிடக்க, குடும்பம் ஒரு கிழமை யன்னலால் ஏறி இறங்கியது. பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி ஒழுகுகிறதென்று அதற்கும் குங்கிலியம் பூசினார். ஆவி உள்ளே போக வழியில்லை. மத்தியானம் வரை அவித்தும் மா மாவாகவே இருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று மனைவி கத்தினார்.

"ஒழுகாத நீத்துப்பெட்டி இந்த ஊரிலை ஆரிட்டையடி இருக்கு? சந்தோசப்படன்!"

அப்படிப்பட்ட மனிதரை, சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த ஐந்து வயதுப் பேத்தி வதனி ஆட்டிவைத்தாள். அதுதான் அவளுடைய முதல் வருகை. ஓட்டையர் முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தாயின் சேலைக்குள் புகுந்தது.

"அம்மா, அவர் மணக்கிறார்!"

அப்பப்பா என்று ஒருதரமும் கூப்பிடவில்லை. 'அவர்'தான். ஓட்டையர் அன்றைக்கு மூன்று முறை குளித்தார். சவர்க்காரம் கரைந்ததே தவிர, குங்கிலிய மணம் போகவில்லை. கடற்கரையில் இருந்த என் தேத்தண்ணிக் கடைக்கு வந்து குந்தினார்.

"தம்பி, இன்னும் நாலு நாள்தான் நிப்பினம். அதுக்குள்ளை ஒருக்கா அப்பப்பா எண்டு கூப்பிடுவாளோ?"

அந்த வாயிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் பிள்ளையின் பொம்மைக்குக் கால் கழன்றது. சரித்தால் "ம்மா" என்று அழும் பொம்மை அது. தாய்க்கும் தகப்பனுக்கும் காலைப் பூட்டத் தெரியவில்லை. பிள்ளை ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பொம்மையை நீட்டியபடி, தானாகவே ஓட்டையரிடம் வந்தது.

அவருக்குத் தலைகால் தெரியவில்லை. பொம்மையை என் கடை வாங்குப் பலகையிலே கிடத்தி, அரை மணித்தியாலத்தில் காலைப் பூட்டினார். அதோடு விட்டிருக்கலாம். திருப்பிப் பார்த்தார். முதுகிலே வட்டமாகப் பன்னிரண்டு சின்ன ஓட்டைகள்!

"பாத்தியே தம்பி, உவங்கள் செய்த வேலையை! உவ்வளவு ஓட்டையோடை ஒரு பிள்ளையை வெளியிலை விடலாமே?"

"அண்ணை, அது பொம்மையெல்லே..." என்றேன், எனக்கே கேளாத குரலில்.

"கடலுக்குத் தெரியுமே உது பொம்மை எண்டு?"

பன்னிரண்டையும் அடைத்தார். பஞ்சு, அதன்மேல் சூடு பிள்ளைக்கு ஆகாதென்று கொஞ்சம் ஆறவைத்த குங்கிலியம், அதன்மேல் சுறா எண்ணெய். வெள்ளோட்டம் விடாமல் எதையும் கொடுக்கிற பழக்கம் அவருக்கில்லை. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பொம்மைக்குச் செவ்வரத்தம்பூ மாலை போட்டுக் கடலில் விட்டார். வலை தைத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் எழும்பி வந்து "அரோகரா!" போட்டது. பொம்மை மகாராணி மாதிரி மல்லாந்து மிதந்தது. பிள்ளை கைதட்டியது. ஓட்டையர் நெஞ்சை நிமிர்த்தினார்.

பிள்ளை பொம்மையை வாங்கிச் சரித்தது. சத்தமில்லை. குலுக்கியது. சத்தமில்லை.

"என்ரை பிள்ளை அழுகுதில்லை!" என்று அது வீரிட்டு அழுதது.

அந்தப் பன்னிரண்டு ஓட்டையும் எதற்கென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஓட்டையர் உளியால் கிண்டிப் பார்த்தார். குங்கிலியம் உள்ளே குரல்பெட்டி வரை போய் இறுகிவிட்டது. அவர் அடைத்ததைக் கடலாலேயே திறக்க முடியாது, அவரால் முடியுமா? அவருடைய முகம் கறுத்துப்போனது. பிள்ளை விக்கி விக்கி இன்னொரு தரம் பொம்மையைச் சரித்தது.

"ம்ம்ம்மா!"

தாயைத் தொலைத்த எருமைக்கன்றின் சத்தம். காகங்கள் கலைந்து பறந்தன. பிள்ளை பொம்மையைப் பார்த்தது, பிறகு ஓட்டையரைப் பார்த்தது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மெதுவாகச் சரித்தது. மெதுவாக "ம்மா." கெதியாக மூன்று தரம் சரித்தது. கெதியாக மூன்று "ம்மா."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. மூக்கைப் பொத்த மறந்து, அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"அப்பப்பா, இன்னொருக்கா!"

பிறகென்ன? பொம்மை இருக்கிற இடத்தில் ஓட்டையரும் இருந்தாக வேண்டும். சந்தையில் மீன் விலை கேட்கும்போது "ம்மா." கோயிலில் தீபாராதனை நேரம் "ம்மா", ஐயர் மணியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வள்ளம் திருத்தக் கொடுத்த சம்மாட்டியார் வந்து, "என்ரை வள்ளம் எப்ப முடியும்?" என்று அதட்ட, அதற்கும் "ம்மா." மனுசன் பயந்துபோய், "ஆறுதலாச் செய்யுங்கோ அண்ணை" என்று போய்விட்டார்.

புறப்படும் நாளில் பிள்ளை பஸ் யன்னலில் பொம்மையைச் சரித்தது. ஓட்டையர் பஸ்ஸோடு ஓடினார். முச்சந்தி வரைக்கும் அவர் "ம்மா, ம்மா" என்று முன்னால் ஓட, ஊர் நாய்களெல்லாம் பின்னால் ஓடின.

திரும்பி வந்து என் கடை வாங்கிலே இருந்தார். வாய் என்ற அந்த ஓட்டையும் அன்றைக்கு அடைபட்டுப்போயிருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிப்பதற்காகக் குவளையைச் சரித்தார்.

"ம்மா" என்றார், மிக மெல்ல.

அவர் கேளாமலே இன்னொரு குவளை ஊற்றி முன்னால் வைத்தேன்.

ஒருவழியாக எழுதி முடித்தது: 1979, ஆவணி 12.