முள்ளில் வந்த வெள்ளரிக்காய்

ஒரு காட்டில், காடு என்று சொல்லிக்கொள்ள இன்னும் நாலு மரம் மிச்சமிருந்த இடத்தில், செங்கமலம் என்ற முயல் தோட்டம் போட்டிருந்தது. கேரட், தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி. ஓரத்தில் கொஞ்சம் சாமந்தி. மழைக்காலம் முழுக்க அதன் குட்டிகளுக்கு அந்தத் தோட்டம்தான் சோறு.

பொழுது சாய்ந்தால் மாசிலாமணி என்ற முள்ளம்பன்றி வேலிக்கு அடியில் குழி பறித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஒரு பாத்தியைக் காலி செய்துவிட்டுத்தான் போகும். இப்படியே போனால் மழைக்குக் குட்டிகள் மண்ணைத்தான் தின்ன வேண்டும்.

முயல் வன அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றது. அதிகாரி ஒரு நாரை. ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“என்னென்ன தின்னுச்சு?”

“கேரட், பயறு, வள்ளிக்கிழங்கு... சாமந்தி மொட்டைக்கூட விடலைங்க ஐயா.”

“நடவடிக்கை எடுக்கறோம். அடுத்து!”

எடுத்தார்கள். மறுநாள் முச்சந்தியில் ஒரு பலகை நின்றது. ‘முள்ளம்பன்றிகள் விரும்பி உண்ணும் செடிகள்: கேரட், தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, சாமந்தி. இவை அனைத்தும் செங்கமலம் தோட்டத்தில் உள்ளன. முள்ளம்பன்றிகள் அங்கே செல்ல வேண்டாம்.’ இருட்டிலும் தெரியட்டும் என்று விளக்கும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு மாசிலாமணி மைத்துனனையும் கூட்டி வந்தது.

“சாமந்தியெல்லாம் தின்னலாமா மச்சான்?”

“அரசாங்கமே எழுதிப் போட்டிருக்கு. தின்னுடா.”

பிறகு முயல், நாய்போல் குரைக்கும் கருவி ஒன்றை வாங்கி வேலியில் மாட்டியது. முதல் குரைப்பிலேயே தலைதெறிக்க ஓடியது முயல்தான்.

கடைசியில் ஒரே ஒரு வள்ளிக்கிழங்குப் பாத்தி மிஞ்சியது. அன்று சாயங்காலம் முயல் குட்டிகளோடு அதன் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டது. முள்ளம்பன்றி வந்தது, கொடியில் வாய் வைத்தது. ‘ஐயோ திருடன்’ என்று கத்தத்தான் முயல் வாயைத் திறந்தது. பயத்தில், வாசலில் யார் வந்தாலும் அந்த வாய் சொல்லிப் பழகியதுதான் வெளியே வந்தது.

“வாங்கண்ணே, சாப்பிடுங்க.”

முள்ளம்பன்றியின் வாயிலிருந்து கொடி நழுவியது.

“ஐயையோ, வேண்டாம் தாயி! இப்பத்தான் சாப்பிட்டேன். வயிறு திம்முனு இருக்கு. தண்ணி மட்டும் குடுங்க.”

தண்ணீர் குடித்தது. குட்டிகள் என்ன படிக்கின்றன என்று விசாரித்தது. பட்டினியோடு போய்விட்டது. திருட வந்த இடத்தில் எவ்வளவும் தின்னலாம். சாப்பிடச் சொன்ன இடத்தில் அப்படித் தின்ன முடியுமா?

மறுநாளும் முயல் முந்திக்கொண்டு கூப்பிட்டது. மறுநாளும் தண்ணீர்தான். அதற்கடுத்த நாள் முள்ளம்பன்றி முதுகு முள்ளெல்லாம் வெள்ளரிக்காய் குத்திக்கொண்டு வந்தது.

“எதுக்கண்ணே இதெல்லாம்?”

“பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு வெறுங்கையோட எப்படித் தாயி வர்றது?”

அதன்பிறகு தினமும் ஏதாவது வந்தது. குட்டிகள் கொழுத்தன. மழையும் வந்தது.

அந்த மழையில் பக்கத்துத் தோட்டத்து ஆமை, ஆவுடையப்பன், நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். ஓட்டுக்குள் ஆளே இல்லாததுபோல் இளைத்திருந்தார்.

“ஏம்மா செங்கமலம், என் தோட்டத்துல ஒரு பிஞ்சுகூட மிச்சமில்லம்மா. யாரு பண்றான்னே தெரியல.” சொல்லும்போதே அவர் கண் தட்டில் இருந்த ஓட்டை விழுந்த வெள்ளரிக்காய்மேல் நின்றது. “இது... எங்க வீட்டுக் காய் மாதிரியே இருக்கே?”

“எல்லா வெள்ளரியும் அப்படித்தானே இருக்கும் பெரியப்பா. சாப்பிடுங்க.”

ஆமை எச்சில் விழுங்கினார். “வேண்டாம்மா. இப்பத்தான் சாப்பிட்டேன்.”

சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை உபசரிப்பதற்காகக் காத்திருந்தார்.

“அப்படியா, சரி பெரியப்பா” என்று முயல் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நீதி: திருடனை விருந்தாளி ஆக்கிக்கொள், உன் வீடு நிறையும். பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் இரண்டாம் தடவை சாப்பிடக் கூப்பிடாதே.