காலனி விதியும் கருப்பசாமி சேவலும்

அந்தச் சேவல் எங்கள் வீட்டு முற்றத்தில் கால் வைக்கும்வரை இராஜபாளையத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. மதுரையில் எம்.ஏ. படித்தவன்; நூற்பாலை ஒன்றில் நிர்வாக அலுவலர்; நான் தெருவில் நடந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு எங்கள் காலனி நலச் சங்கத்தின் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தேன். (வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பதை இப்படித்தான் சொல்ல வேண்டும்.)

எண்பதுகளின் கடைசி. காலனியில் வீட்டுக்கு வீடு கோழி. அவை வாய்க்காலைக் கிளறின. அடுத்தவர் கீரைப் பாத்தியை மேய்ந்தன. மாடியில் காயும் வடகத்தின் மேல் உலா வந்தன. இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட காலனியால் சேவல்களை மட்டும் பொறுக்க முடியவில்லை. காரணம் இருந்தது. எங்களில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குகிறவர்கள். சேவல் விடியலில் கூவும் என்பது பாடப்புத்தகச் செய்தி. எங்கள் காலனிச் சேவல்களுக்கு உச்சிவெயிலும் விடியல்தான். ஆலையில் நூல் நூற்கும் ரிங் பிரேமில் வேலை பார்க்கும் மாரிமுத்து ஒருநாள் சிவந்த கண்களோடு என் வாசலில் வந்து நின்றார்.

"சார், நூலு அறுந்தா ஒட்டிருவேன். தூக்கம் அறுந்தா எதக் கொண்டு ஒட்ட? பக்கத்து வீட்டுச் சேவலு காதுக்குள்ள ஏறி நின்னுல்லா கூவுது!"

நான் விதிகளை வகுத்தேன். கோழிக்கூடு அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டி இருத்தலாகாது. கிணற்றருகே அமைத்தலாகாது. எச்சத்தை அன்றாடம் அள்ளிக் குழியில் இட வேண்டும். பெட்டைகள் அடைப்புக்குள் இருக்க வேண்டும். சேவல் அறவே கூடாது. கடைசி விதியைக் கூட்டத்தில் வாசித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

அடுத்த வீட்டு சுப்பம்மா எழுந்தார். (வீட்டில் தெலுங்கு பேசுபவர், என்னோடு சண்டையிடுவதற்கு மட்டும் தமிழை வைத்திருந்தார்.)

"அண்ணாச்சி, சாமிக்கு நேந்துவிட்ட சேவலுன்னா?"

"சட்டத்தின் முன் சாமியின் சேவலும் சேவலே" என்றேன். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலை நான் வெகுநாள் நினைத்து மகிழ்ந்திருக்க வேண்டியவன்.

சுப்பம்மா தம் சேவலைச் சங்கரன்கோவில் அக்காள் வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு என் வாசலைப் பார்த்து மூக்கைச் சிந்தினார். நகராட்சிச் சுகாதார ஆய்வாளரோ எங்கள் விதிகளைக் கேள்விப்பட்டு மனம் குளிர்ந்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நேரில் வந்து, மற்றக் காலனிகளுக்கும் இதுவே முன்மாதிரி என்று அறிவிக்க இசைந்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்னர் வத்திராயிருப்பிலிருந்து என் மைத்துனன் வந்தான். ஓலைக்கூடையைத் திறந்தான்.

உண்மையைச் சொல்கிறேன், நான் ஒரு அடி பின்வாங்கினேன். அத்தகைய உயிரை அதற்கு முன் நான் கண்டதில்லை. கழுத்தில் உருக்கிய செம்பு வழிந்தது. வாலில் கருமையும் பச்சையும் கலந்து, மழைக்கால மலைபோல மின்னின. காலில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. அது முற்றத்தில் இறங்கி, என்னை ஒற்றைக் கண்ணால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் முக்கியமில்லை என்று முடிவு செய்து நடந்து போனது. எங்கள் ஆலையின் முதலாளிகூட அவ்வளவு நிதானமாக நடந்ததில்லை.

"அத்தான், அக்கா நேந்துவிட்ட சேவலு. பங்குனி உத்திரத்துக்குக் கருப்பசாமி கோயில்ல விடணும். அதுவரைக்கும் உங்க வீட்லதான் வளரணும்."

முந்தைய ஆண்டு மஞ்சள் காமாலையில் நான் நினைவின்றிக் கிடந்தபோது என் மனைவி கோதை செய்த வேண்டுதல் இது. (நோயாளியைக் கேட்டுக்கொண்டு யாரும் நேர்ந்துகொள்வதில்லை.) அந்தச் சேவலுக்கும் விதிகள் இருந்தன: கட்டக்கூடாது, விரட்டக்கூடாது, எச்சில் சோறு போடக்கூடாது. என் விதிகளைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தன.

"கோதை, என் மானம் போய்விடும்" என்றேன்.

"போனா போகட்டும். இந்தச் சேவலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களுக்கு ஆகிரும். அப்ப மானத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று கேட்டவளின் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் வாதிட என் எம்.ஏ. உதவவில்லை.

திருவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் அக்காள் வீட்டில் அதை விட்டுவிடுவது என்று, அவளிடமும் சொல்லாமல், நானே தீர்மானித்தேன். ஞாயிறு காலை, புது இடம் என்பதால் இரண்டு நாளாகக் கூவாதிருந்த சேவலைப் பெரிய ரெக்ஸின் பையில் இறக்கி, காற்றுக்குச் சிறிது இடம் விட்டு ஜிப்பை இழுத்தேன். இருட்டைப் பறவை இரவென்று கொள்ளும். இரவில் சேவல் கூவாது. இது விஞ்ஞானம். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம், ஆய்வாளருக்குப் பால்கோவா வாங்கப் போவதாகச் சொன்னேன்.

பஸ்ஸில் சேவல் மூச்சு விடவில்லை. என் விஞ்ஞானத்தை நானே வியந்தேன். ஆனால் கோதையின் அக்காள் பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாசலை மறித்து நின்றார்.

"நேந்தவ முத்தத்துலதான் தம்பி அது வளரணும். இங்கன வச்சேன்னா சாமி எங்களல்லா வந்து கேக்கும்? திரும்பிப் பாக்காம அடுத்த பஸ்ஸப் பிடிங்க."

அடுத்த பஸ் தாமதமாக வந்தது. பால்கோவா வாங்கவும் நேரமில்லை. இராஜபாளையத்தில் நான் இறங்கியபோது நிறுத்தத்தில் மாரிமுத்து மொபெட்டோடு காத்திருந்தார்.

"ஆய்வாளர் வந்து செத்த நேரமாச்சு சார்! ஏறுங்க!"

வீட்டுப் பக்கம் திரும்பக்கூட வழியின்றி நேரே பந்தலுக்குக் கொண்டுபோய் இறக்கினார். பையை மேடை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு மைக் முன் நின்றேன். ஆய்வாளர் மாலையோடு வீற்றிருந்தார். முன்வரிசையில் கோதை. அவள் பையைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்; தலையில் கை வைத்தாள்.

"நாகரிக வாழ்வின் அடிப்படை அமைதி" என்று தொடங்கினேன். சேவல் விதியை எட்டியபோது என் குரல் நன்றாக ஏறியிருந்தது. அப்போதுதான் மேசைக்கு அடியில் சுப்பம்மாவின் கை நீள்வதைக் கண்டேன்.

"அண்ணாச்சி, நீங்க பேசுங்க. வெயில்ல பால்கோவா கெட்டுரும். நான் தட்டுல எடுத்து வைக்கேன்" என்றவர் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தார்.

என் விஞ்ஞானம் பொய்க்கவில்லை. பைக்குள் இருந்தது இரவு. ஜிப் திறந்ததும் விடிந்துவிட்டது. விடிந்தால் சேவல் என்ன செய்யுமோ அதைச் செய்தது.

போதாததற்கு மைக்கும் பக்கத்திலேயே இருந்தது. அந்த ஒலி நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் புறப்பட்டு, ஊரை ஒட்டிய சஞ்சீவி மலையில் மோதித் திரும்பியதை நான் காதால் கேட்டேன். தொடர்ந்து சேவல் வெளியேறி, ஒரே தாவலில் மேடையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் ஏறி, இறகுகளைச் சிலிர்த்து, பந்தல் முழுவதையும் பார்த்தது.

சிரிப்பு வெடிக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடினேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தேன். மாரிமுத்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "மஞ்சத்துணி கட்டியிருக்குலே... சாமி சேவலு!" என்று யாரோ முணுமுணுக்க, வரிசை வரிசையாகக் காலனியே எழுந்து நின்றது. மாலையோடு ஆய்வாளரும் எழுந்தார். என் பேச்சுக்கு ஒருநாளும் கிடைக்காத அமைதி அது. அந்தச் செம்பு நிறக் கழுத்தின் மேல் பந்தல் ஓட்டை வழியே வெயில் விழுந்தது. என் மானம் போய்க்கொண்டிருப்பதையும் மறந்து நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுப்பம்மாதான் முதலில் தெளிந்தார்.

"எஞ்சேவல ஊரவிட்டு அனுப்பினீயளே அண்ணாச்சி! ஒங்க சேவலுக்கு மேடை, நாற்காலி, மைக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் கோதை எழுந்தாள். "மதினி, அவிய மேல தப்பில்ல. காமாலையில பொழைக்க மாட்டாகன்னு டாக்டரே கைய விரிச்சிட்டாரு. நான்தான் கருப்பசாமிட்ட கேட்டு வாங்குனேன்."

சுப்பம்மாவின் முகம் மாறியது. மாரிமுத்துவைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம், உறக்கம் அவருடையது.

"மனுசன் உசுருக்கு நேந்தது கூவட்டும் சார். பங்குனி வரைக்கும் காதுல பஞ்ச வச்சுக்கிடுதேன். மில்லுல இல்லாத பஞ்சா?"

ஆய்வாளர் தொண்டையைச் செருமி, நேர்ந்துவிட்ட சேவலுக்கு மட்டும் விதியில் விலக்கு அளிக்கலாம் என்றார். நான் தலையசைத்தேன்.

"அப்ப எஞ்சேவலும் நேந்ததுதான்" என்றார் சுப்பம்மா.

"எப்போது நேர்ந்தீர்கள்?" என்றேன்.

"இப்பத்தான். நீங்க தலைய ஆட்டுனீயள்ல, அப்ப."

பங்குனி வருவதற்குள் காலனியில் நேர்ந்துவிடப்படாத சேவலே இல்லை என்றாயிற்று. மாரிமுத்து காதுப் பஞ்சோடு ஆலைக்குப் போய்வந்தார். எங்கள் சேவல் உத்திரத்தன்று கருப்பசாமியைச் சேர்ந்தது. கோதை திரும்பும் வழியெல்லாம் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் எவருடைய குட்டு வெளிப்பட்டாலும், "பால்கோவா கூவிருச்சு" என்பதே இன்றுவரை வழக்கு. பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் சேவலைக் கண்டதும் நான் பதறி எழுந்து என் நாற்காலியை அதற்குக் கொடுத்துவிட்டதாகக் காலனியில் இப்போதும் சொல்லி வருகிறார்கள். அது உண்மையன்று. பேசுவதற்காக நான் முன்பே நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.