கண்டிப்பாகச் சொதப்பும்

உலகத்தில் ‘நானில்லாவிட்டால்’ என்றொரு இனம் உண்டு. மிருகக்காட்சிச் சாலையில் போய்த் தேடாதீர்கள். அதைக் கூண்டில் அடைத்தாலும், அந்தக் கூண்டையே தாங்கிக்கொண்டிருப்பது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும். நகராட்சி அலுவலகத்தில் ஒன்று இருக்கும், தேவாலயப் பாட்டுக் குழுவில் ஒன்று இருக்கும், கூட்டுக் குடியிருப்பின் குப்பைத் தொட்டிக் கமிட்டியில் நிச்சயம் ஒன்று இருக்கும். இது லீவு எடுக்காது. எடுத்துத் தொலைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் போன் போட்டு, “ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று கேட்கும். பிரச்சினை இல்லை என்று பதில் வந்தால் முகம் தொங்கிப் போகும்.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பழைய சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாருங்கள். நவம்பர் பிறந்ததும் அங்கே கண்ணாடிக் கூடாரம் ஒன்று முளைக்கும், பிப்ரவரியில் மடிந்துவிடும். உள்ளே வட்ட வட்ட மேஜைகள், இருநூற்று எண்பது விருந்தாளிகள், அவர்கள் தலைக்கு மேலே சர்க்கஸ், அவர்கள் மூக்குக்குக் கீழே சாப்பாடு. முன்பக்கம் எல்லாம் தங்கமும் வெல்வெட்டும்தான். பின்பக்கம்? இரண்டு ஆள் உரசிக்கொண்டு போகிற அகலத்தில் ஒரே ஒரு நடை. அடுக்களையிலிருந்து வருகிற தட்டும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், கயிற்றில் தொங்கப் போகிறவளும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒற்றைச் சக்கர சைக்கிள்காரன் குந்தி உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருக்க, அவன் தலைக்கு மேலே வாத்துத் தொடைகள் பறக்கும். உடம்பை எட்டாக மடிக்கிற பெண், மடித்தது மடித்தபடியே உருளைக்கிழங்கு உருண்டை தின்பாள். கத்தி வீசுகிறவரின் கத்தியை எடுத்து யாரோ வெங்காயம் நறுக்கிவிட்டார்கள் என்று விசாரணை நடக்கும்.

இத்தனை களேபரத்துக்கும் நடுவில், திரை ஓரமாக, தரையில் சாக்பீஸால் போட்ட ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் நிற்பவர்தான் நம் எக்பெர்ட். பதினேழு வருஷமாக நிற்கிறார்.

அவருடைய வேலை என்ன? பச்சை விளக்கைப் போடுவது. இல்க்கா என்கிற பெண் மேலே வளையத்தில் தொங்கும்போது கீழே யாரும் தட்டோடு நடக்கக் கூடாது, நியாயமான சட்டம்தான். அவள் இறங்கி வணங்கியதும் எக்பெர்ட் மனசுக்குள் ஏழு எண்ணுவார். ஆறு இல்லை, எட்டும் இல்லை. பிறகு ஒவ்வொரு கிண்ணத்தையும் எட்டிப் பார்த்து, மல்லித்தழை நடுவில் கிடக்கிறதா என்று சரிபார்ப்பார். அதன் பிறகே விளக்கு, அதன் பிறகே பூசணிக்காய் சூப். ஏன் ஏழு என்று கேட்டால், “அதெல்லாம் ரத்தத்துல வரணும்” என்பார்.

இன்னொரு சடங்கும் அவர் கையில்தான் இருந்தது. ஜெர்மன் மேடைக்காரர்கள் காட்சிக்கு முன்னால் ஒருவர் இடது தோளுக்கு மேல் இன்னொருவர் ‘தோய் தோய் தோய்’ என்று மூன்று தரம் துப்புகிற மாதிரி சொல்வார்கள். நாம் திருஷ்டிக்குத் தூ தூ தூ என்பதில்லையா, அதேதான். அதற்கு நன்றி சொல்லிவிட்டால் தொலைந்தது, காட்சி நாசம். ‘கண்டிப்பா சொதப்பும்’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் சொதப்பாது. மற்ற இடங்களில் இது ஒரு விளையாட்டு. எக்பெர்ட்டிடம் இது சட்டம். வேலைக்குப் புதிதாக வந்த பாத்திரம் கழுவும் அம்மாள் ஒருத்தி வாய் தவறி நன்றி சொன்னதற்கு, பனியில் வெளியே அனுப்பி, கூடாரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வரச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மகள். பெயர் மைகே. அக்டோபரில் ஒரு நாள் வந்து காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, டிசம்பர் பதினாலு. எனக்கும் ஹென்ரிக்குக்கும் கல்யாணம்.”

எக்பெர்ட் நாள்காட்டியைப் பார்த்தார். “சனிக்கிழமையாச்சே. கிறிஸ்துமஸ் நெருங்குற சனி. மதியக் காட்சி இருக்கும்மா. இருநூத்தி எண்பது சூப்பு.”

“எனக்கு ஒரே ஒரு கல்யாணம்.”

“மே மாசம் வெச்சுக்கோயேன். கூடாரமும் இருக்காது, வெயிலும் நல்லா இருக்கும்.”

“மே மாசம் எனக்குக் குழந்தை பிறந்துடும்பா.”

அதைக் கொஞ்சம் தள்ளிப்போட வழி உண்டா என்று அவர் ஒரு கணம் யோசித்தார் என்றே நினைக்கிறேன். நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை.

“என் பள்ளிக்கூடக் கடைசி நாள் விழாவுக்கு நீங்க வரல” என்றாள் மைகே. “வீடு மாறினப்ப வரல. ஆஸ்பத்திரியில இருந்தப்ப போன்லதான் வந்தீங்க. இதுக்கும் வரலைன்னா, இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டேன். கோவமில்லப்பா. சும்மா சொல்லி வைக்கிறேன்.”

கத்தியிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். அவளோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாள். போவது என்று முடிவானது.

முடிவானதும் மனிதர் சும்மா இருந்தாரா? பதினாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். நடையில் எந்தப் பக்கமாக நடப்பது, ஏழு என்பதை எந்த வேகத்தில் எண்ணுவது, மல்லித்தழை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் படம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை வேறு. அதை யோர்னிடம் கொடுத்தார். யோர்ன், பரிமாறுகிறவன் வேஷத்தில் வந்து மோவாயில் பன்னிரண்டு தட்டுகளை அடுக்கி நிறுத்துகிற கோமாளி. அன்றைக்கு மட்டும் பச்சை விளக்கும் அவன் பொறுப்பு.

“படிச்சுடறேன் தலைவரே.”

“படிச்சா போதாது. மனப்பாடம் பண்ணு.”

“பண்ணிடறேன். நீங்க கல்யாணத்துல பேச எழுதிட்டீங்களா? பொண்ணோட அப்பா பேசினாதானே அங்க கேக்குல கத்தி வைப்பாங்க.”

“அது கிடக்குது. நாலு வார்த்தை. அப்ப பார்த்துக்கலாம்.”

தலைமைச் சமையல்காரி ரோஸ்வித்தா பூசணிக்காயை வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். “ஏம்பா எக்பெர்ட், சூப்புக்குப் பதினாலு பக்கம், பெத்த பொண்ணுக்கு நாலு வார்த்தையா?” என்றாள். அவர் காதில் விழாத மாதிரி மல்லித்தழையைச் சரிசெய்தார்.

பதினாலாம் தேதி வந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோட்ட விடுதி ஒன்றில் அறுபது பேர் கூடினார்கள். இரண்டரைக்குக் காபியும் கேக்கும். இரண்டுக்குக் கூடாரத்தில் காட்சி. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நம்மவர் கோட்டுகள் தொங்குகிற மூலைக்குள் புகுந்து போனை எடுத்தார்.

“யோர்ன், எல்லாம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு தலைவரே.”

இந்தப் பதில் அவருக்கு ருசிக்கவில்லை. “சரி. தோய் தோய் தோய்” என்றார்.

அந்த நேரம் பார்த்து யோர்ன் மோவாயில் பன்னிரண்டு தட்டுகளோடு வானத்தைப் பார்த்தபடி நின்றான். தொண்டை இழுத்துக்கொண்டிருந்ததால் அழுகிற குரலில்தான் பதில் வந்தது. “கண்டிப்பா... சொதப்பும்... தலைவரே.” உடனே மணி அடித்தது. போன் செத்துவிட்டது.

பதினேழு வருஷமாக எந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி ஊரையே மிரட்டினாரோ, அதே வார்த்தை. முறைப்படி சொன்ன, சட்டப்படியான பதில். கூடாரத்தில் பாத்திரம் கழுவுகிற அம்மாளுக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். எக்பெர்ட்டுக்கு? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, சொதப்பப் போகிறது, அவனே சொல்லிவிட்டான், பாவம், அழுகிறான். அடுத்த நிமிஷம் அவர் தன் கோட்டை எடுத்து மாட்டினார். சரியாகச் சொன்னால் அது சம்பந்தியின் கோட்டு. அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

டிராமில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் அவர் மனக்கண்ணில் சூப் கொட்டிக்கொண்டே இருந்தது. அறுபது பேர் உட்கார்ந்திருப்பதும், இரண்டரை மணி என்பதும், நாலு வார்த்தையும் அவருக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது. பத்து நிமிஷத்தில் காப்பாற்றிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அதை அமுக்கிவிட்டார்.

பின்வாசல் வழியாக மூச்சிரைக்க நுழைந்து, அடுக்களையைத் தாண்டி, திரையைத் துளி விலக்கிப் பார்த்தார். மேலே இல்க்கா சுழன்றுகொண்டிருந்தாள். இறங்கினாள். வணங்கினாள். எக்பெர்ட் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு.

மூன்று வருவதற்குள் பதினான்கு பரிமாறுபவர்களும் உள்ளே போய்விட்டார்கள். யாரும் மோதவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இருநூற்று எண்பது கிண்ணங்களும் மேஜைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எக்பெர்ட் பதினேழு வருஷத்தில் பார்த்திராத ஒன்றைப் பார்த்தார். விருந்தாளிகள் சூப்பை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

அவர் மெல்லப் பின்வாங்கித் தன் பெருக்கல் குறிமேல் போய் நிற்கப் போனார். அங்கே இடமில்லை. எலுமிச்சைக் கேக் தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது.

“புது ஷூ போட்டுக்கிட்டு யாரு இங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்த ரோஸ்வித்தா அவரைப் பார்த்து நின்றுவிட்டாள். “கல்யாணத்துக்குப் போகலையா நீ?”

“போனேன். இவன் சொதப்பும்னு சொன்னான்.”

யோர்ன் மோவாயிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினான். “தலைவரே, நீங்கதானே தோய் தோய் தோய் சொன்னீங்க. நான் வேற என்ன சொல்றது? நன்றின்னு சொல்லியிருந்தா மூணு சுத்து சுத்த வெச்சிருப்பீங்க.”

எக்பெர்ட்டுக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. வெட்கமாக இருந்தது, அதைவிட, வலித்தது. “வண்டிய ஏன் இங்க நிறுத்தியிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“பதினேழு வருஷமா இதுக்கு ஒரு இடம் தேடிக்கிட்டிருந்தேன்” என்றாள் ரோஸ்வித்தா. “இன்னைக்குத்தான் கிடைச்சுது.” அவருடைய பதினாலு பக்கமும் சூப் அண்டாவுக்கு அடியில் சூடு தாங்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிடாமல் இருக்க, கொஞ்சம் நகர்ந்து மறைத்து நின்றாள். நல்ல மனுஷி.

அப்போதுதான் போன் அடித்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“சும்மா காத்து வாங்க வெளிய...”

“காத்து வாங்க டிராம்ல போவீங்களா? ஏறினதைப் பார்த்தவங்க சொல்லிட்டாங்க. ஹென்ரிக்கோட அப்பா கோட்டைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கார்.” மைகேயின் குரல் கொஞ்சம் உடைந்தது. “அவர் தானே பேசிடறேன்னு ரெண்டு தடவை எந்திரிச்சார். உக்காரச் சொல்லிட்டேன். நீங்க பேசாம கேக்கு வெட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்பா. அறுபது பேரும் முள்கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. காபி ஆறிப் பச்சத்தண்ணி ஆயிடுச்சு.”

ரோஸ்வித்தாவுக்குப் போனில் எல்லாம் கேட்டுவிட்டது.

“கிளம்பு” என்றாள். “இங்க உன் இடத்துல வண்டி நிக்குது. அங்க நிறுத்த யார்கிட்டயும் வண்டி இல்ல.”

அவர் மறுபடி ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி ஆகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் கண்ட காட்சியை நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாசிப்பவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்தபடி, குழந்தைகள் கேக்கின் வெண்ணெய்ப் பூவை விரலால் தொட்டுத் திட்டு வாங்கியபடி, சம்பந்தி சட்டையோடு, மாப்பிள்ளை கத்தியோடு, எல்லாமே நின்று கிடந்தது. பதினேழு வருஷமாக அவர் எதைப் பார்க்க ஏங்கினாரோ அது. அவர் இல்லாததால் உண்மையிலேயே நின்றுபோன ஒரு காரியம். அது நடந்தது, அவர் ஒரு நாளும் கணக்கில் வைக்காத இடத்தில்.

மகளுக்கு எதிரே போய் நின்றார். நாலு வார்த்தை என்றாரே, ஒன்றுகூட வரவில்லை. மகளைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஏழு வரை எண்ணினார். பிறகு அவள் இடது தோளுக்கு மேலே குனிந்து சொன்னார்:

“தோய் தோய் தோய்.”

மைகே யோசிக்கவே இல்லை. எவர் வீட்டில் வளர்ந்தவள்? “கண்டிப்பா சொதப்பும்பா” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சம்பந்தி வீட்டார் திகைத்துப் போனார்கள். இந்த முறை எக்பெர்ட்டுக்கு அர்த்தம் புரிந்தது. கேக்கில் கத்தி பட்டது.

மனிதர் திருந்திவிட்டார் என்று கண் கலங்காதீர்கள். இந்த இனம் அவ்வளவு லேசில் திருந்தாது. செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்து, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று பணிவாகக் கேட்டார். ரோஸ்வித்தா, “அதோட பிரேக் சரியில்லப்பா, சித்த பிடிச்சுக்கோ” என்றாள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். தான் பிடிக்காவிட்டால் அந்த வண்டி உருண்டு போய் நேரே மேடை நடுவில் விழுந்து, அன்றைய காட்சியே போச்சு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விளக்குகிறார். பேரக்குழந்தைக்காக, கூடாரமே இருக்காத மே மாதத்துக்கு லீவு கேட்டிருக்கிறார் என்பது உண்மைதான். பிரேக்கைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து இதுவரை உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை, கவனித்தீர்களா? உள்ளே யாரோ காபி கலந்து வைத்துவிட்டு, நீங்கள் வரட்டும் என்று ஆறவிட்டுக்கொண்டிருக்கலாம். எதற்கும் ஒரு எட்டு எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.