அவித்த வானம்

அந்தி வானத்தைச் சொந்தமாக வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மனைவி அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முன்னறையில் கடை, பின்னறையில் வீடு. வானம் என்பது நாணயம் போன்ற ஒரு வெள்ளி வட்டு. எந்த அரசாங்கமும் அச்சடிக்காத, எந்தக் கடையிலும் செல்லாத, ஏதோ ஒரு தனியார் பட்டறையின் சரக்கு. அதில் மேகத்தின்மேல் ஒரு திமிங்கலம் தூங்கியது. நாள்பட வெள்ளியில் தானாக ஏறிய நிறங்கள்: முதுகில் ஊதா, விளிம்பில் ரோஜா நிறம், வாலருகே மயில்கழுத்துப் பச்சை. வெள்ளியின் விலையைப் போல ஆறு மடங்கு கொடுத்து, சேகரிப்போர் சங்கத் தலைவரிடம் வாங்கியது.

"காத்தும் காலமும் சேர்ந்து ஐம்பது வருஷமாத் தீட்டின ஓவியம். இதுக்கு விலையே கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் தலைவர் விலையைச் சொன்னார்.

அன்றிலிருந்து கடைக்காரரின் கால் தரையில் பாவவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, அவர் திமிங்கலத்தின் முதுகில் சாய்ந்து ஊதா மேகங்களுக்கு நடுவே மிதப்பார்.

"கடைசி வரி தெரியலீங்க."

"பரவாயில்ல. அதுல பார்க்க ஒண்ணும் இல்ல."

இப்போது வட்டு, கழுவிய தட்டு போல மின்னியது. திமிங்கலம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது போலிருந்தது.

"ஞாயித்துக்கிழமை உங்க தலைவர் பார்க்க வர்றாராமே? எல்லாம் பளபளன்னு இருக்க, இது ஒண்ணு மட்டும் கறை பிடிச்சுக் கிடந்துச்சு. மானம் போயிடுமேன்னு தேய்ச்சேன்" என்றாள் மனைவி.

"அடிப்பாவி, அந்தக் கறைக்குத்தான்டி காசு குடுத்தேன்!"

"கறைக்குக் காசா? முன்னாடியே சொல்லியிருந்தா நம்ம வாணலிய வித்திருப்பேனே."

தலைவர் சும்மா வரவில்லை. சங்கத்துக்குச் செயலாளர் தேட வருகிறார். பொருளைப் பேணத் தெரிந்தவருக்குத்தான் பதவி என்று அறிவித்திருந்தார். கடைக்காரரோ பெயர்ப்பலகையில் தன் பெயருக்குக் கீழே 'செயலாளர்' என்று எழுதச் சொல்லி முன்பணமே கொடுத்திருந்தார்.

இணையத்தில் தேடினார். அவித்த முட்டையோடு மூடி வைத்தால் வெள்ளி நிறம் மாறும் என்றது. அவித்தார், நறுக்கினார், வட்டோடு டப்பாவில் அடைத்தார். பொறுமையில்லாமல் மறுநாளே திறந்தார். திமிங்கலத்துக்கு மஞ்சள்காமாலை கண்டிருந்தது.

"இன்னும் நாலு போட்டா ஊதா வந்துடும்."

"அப்ப நம்ம சாப்பாட்டுக்கு?" என்றாள் மனைவி.

நாலும் போட்டு டப்பாவை வெயிலில் வைத்தார். அடுத்த முறை திறந்தபோது திமிங்கலம் கரியடுப்பில் புரண்டு எழுந்ததுபோல் கிடந்தது. வாசனை பின்னறையிலிருந்து கடைக்கு நடந்து வந்தது. கண்ணில் கோளாறு என்று வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். கடைக்காரர் செண்டு தெளித்தார். அழுகிய முட்டை அலங்காரம் செய்துகொண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் இருந்தது.

ஞாயிறு காலையில் தொழில் கைகொடுத்தது. வட்டை ஒரு சிறு பெட்டியில் வைத்து, மேலே ஊதா நிறக் கண்ணாடிச் சில்லைப் பொருத்தி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு ஆழ்கடலாயிற்று. பார்க்கப் பார்க்கத் திமிங்கலம் மெல்ல வாலை அசைப்பதுபோலத் தோன்றி, அவருக்கே கண் சொருகியது.

தலைவர் மார்பில் சங்கச் சின்னத்தோடும், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியும் வந்தார். கூட வந்த அவர் மனைவி மட்டும் சொந்த வீட்டுக்குள் நுழைந்தவர்போல நிம்மதியாக மூச்சு விட்டு உட்கார்ந்தார்.

தலைவர் பெட்டிக்குள் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"ஆகா! நான் குடுத்தப்போ இவ்வளவு ஆழம் இல்லியே! காலம் இன்னும் தீட்டிக்கிட்டே இருக்கு. காலத்தோட கைவண்ணத்தை எந்த மனுஷனால செய்ய முடியும்? நீங்கதான்யா செயலாளர்!"

கடைக்காரர் மறுபடி மேகத்துக்கு ஏறினார். பெயர்ப்பலகை நட்சத்திரங்களுக்கு நடுவே தொங்குவது தெரிந்தது.

தலைவரின் மனைவி, கடைக்காரரின் மனைவி பக்கம் சாய்ந்தார்.

"ஒரு வட்டுக்கு ஒரு முட்டை போதும்மா. கூடப் போட்டா கறுத்துடும்னு, நான் இவருக்கு அதுக்கு மேல அவிச்சே குடுக்கிறதில்ல."